கலப்பு: இல்லை

ஒன்பது வருஷமாக நான்தான் எழுதினேன்:
போரூ ஜார்ஸோ, ஊராகா மேட்டுக்காடு,
இத்தனை கிலோ.

போரூ சக்கிஸோவுக்குத் தங்கம் தோண்டப் போய்
ஏழு வருஷம் ஆகிறது.
பழத்தைச் சுமந்துவந்து கொட்டுகிறவள் கப்பனே.
சேற்றில் கழுதையை அதட்டி ஏற்றுகிறவள் கப்பனே.
கட்டைவிரலில் மை ஒற்றி
போரூ என்ற பேருக்குப் பக்கத்தில் அழுத்துகிறவளும் அவள்தான்.
பழக்கம்.
பேனாவுக்கும் ஒரு தடம் உண்டு
கழுதைக்கு இருப்பதுபோல.

இந்த வருஷம் அவள் கூடையைத் தராசில் வைக்கவில்லை.
இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.
"பேர்?" என்றேன், தலை நிமிராமல்.
"உன் பேர் எனக்குத் தெரியும்" என்றாள்.
அவ்வளவுதான்.
வரிசை நீண்டுகொண்டே போனது, யாரோ இருமினார்கள்.
அடித்தேன். எழுதினேன்.
கப்பனே என்றால் எங்கள் மொழியில் குளிர்ச்சி.
அன்றைக்கு அப்படி ஒன்றும் குளிர்ச்சியாக இல்லை.

பரணும் தனியாகக் கேட்டாள்.
பதினெட்டாம் பரண், ஓடை ஓரத்து மூங்கில்.
ஒரே தோட்டம், ஒரே கை என்றால்
அடிஸ் அபாபாவில் விலை வேறு.
அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

தொட்டியில் கொட்டி, மிதந்த பொக்கையை அரித்து எறிந்தாள்.
முங்கியதை மட்டும் பரப்பினாள்.
உச்சிவெயிலுக்கு மூடி, இறங்குவெயிலுக்குத் திறந்து
இருபத்தொரு நாள்.
பழம் கறுத்துச் சுருங்கி
ஆட்டுப் புழுக்கையைப் போல் கையில் உருளும்வரை.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல் நாள் ராத்திரியை.

காவல் முறை என்னுடையது. நிலா இல்லை.
குலைக்கு ஆகாத வாழைகளுக்கு நடுவிலிருந்து
எலேமா வந்தாள்.
அவள் வீட்டுப் பழத்தைப்
பூவிலேயே விற்றுவிட்டான் புருஷன்.
அடுப்படிக்குப் பின்னால் பன்னிரண்டு செடி,
யார் கணக்கிலும் இல்லாதவை.
அதில் ஒரு கூடை.

இரண்டு பேரும் பேசவில்லை.
பதினெட்டாம் பரணில் அதையும் கொட்டி
விரல்களால் கலைத்துக் கலைத்து
எது யாருடையது என்று
இருட்டுக்கும் தெரியாதபடி ஆக்கினார்கள்.
கப்பனே என் லாந்தரைப் பார்த்தாள்.
ஒளியவில்லை. கெஞ்சவும் இல்லை.
மேலே விழுந்திருந்த ஓர் இலையை எடுத்துப் போட்டுவிட்டு
நடந்தாள்.

காலையில் படிவம்.
பரண் எண், உயரம், பறித்த தேதி.
கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்: கலப்பு.
மை காய்ந்திருந்தது, பேனாவை உதறினேன்.
இல்லை, என்று எழுதினேன்.
பொய் எழுதுவது இது முதல் தடவை இல்லை.
ஒன்பது வருஷம் போரூ என்று எழுதியிருக்கிறேன்.

மாசியில் அறிக்கை வந்தது.
கரண்டியால் உறிஞ்சித் துப்புகிறவர்கள் எழுதியிருந்தார்கள்:
மல்லிகை. எலுமிச்சைத் தோல்.
ஆறிய பிறகு, அடியில்,
இன்னதென்று பிடிபடாத ஓர் இனிப்பு.
மூன்று பேரும் அதைக் குறித்திருந்தார்கள்
மூன்று வேறு பேரில்.

பைக்குப் படம் எடுக்க ஒரு பையன் வந்தான்.
கப்பனே சிரிக்கவில்லை, சேலையை மட்டும் சரிசெய்தாள்.
படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை விழுந்திருந்தது.
அதை வெட்டிவிடலாம் என்றான்.
பணத்தை அவள் என் மேசைமேலேயே எண்ணினாள்,
எச்சில் தொட்டு, இரண்டு கட்டாக,
ஒன்று பெரியது ஒன்று சின்னது.
இரண்டு ரசீது கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் பறிப்பு.
பதினெட்டு, பத்தொன்பது இரண்டு பரணிலும்
புது மூங்கில் கட்டியிருக்கிறார்கள்.
வரிசையில் கடைசிக்கு முன்னால்
எலேமா நிற்கிறாள்.
தராசு காலியாக இருக்கிறது.
அவள் கூடையை
இடுப்பிலிருந்து இறக்கவில்லை.